வேலை தெரிந்தவர் வகுப்பெடுக்க வரும்போது: சென்னையில் பெரியவர்களுக்குப் பயிற்சி தரத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 16 வருடம் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, மாலை நேரப் பயிற்சி மையம் ஒன்றில் பயிற்றுநராகச் சேர்ந்தேன். முதல் பேட்ச்சில் 22 பேர். ஷிப்ட் முடித்துவிட்டு வரும் ஆட்கள், 20 வயது முதல் 48 வயது வரை. வெர்னியர் காலிப்பர் (மில்லிமீட்டரின் சிறு பகுதியையும் அளக்கும் கருவி) படிப்பது எப்படி என்று ஒன்றேகால் மணி நேரம் விளக்கினேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது சார்" என்றார்கள். மறுநாள் ஆளுக்கொரு ஜாப்பை, அதாவது அளக்க வேண்டிய பாகத்தை, கொடுத்து அளக்கச் சொன்னபோது சரியாகச் சொன்னவர்கள் 3 பேர். அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தவர்கள் 13 பேர். யாரும் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. வராமல் நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான்.

வேலை தெரிவது ஒன்று. அதை இன்னொருவர் கைக்கு மாற்றுவது வேறொரு வேலை. அந்த இரண்டாவது வேலையைப் பிடிபடுத்திக்கொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது. வழி தெரிந்திருந்தால் மூன்று மாதத்தில் முடித்திருக்கலாம். நீங்கள் தையலோ, ஏசி மெக்கானிக்கோ, டாலியோ, எதைச் சொல்லிக்கொடுக்கப் போனாலும் கீழே உள்ள வரிசை பொருந்தும். உதாரணங்கள் மட்டும் என் தொழிலிலிருந்து வரும்.

1. எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதை முடிவு செய்யாமல் சான்றிதழ் வாங்க ஓடாதீர்கள். ஒரு வாசலுக்கு வாங்கிய சான்றிதழை அடுத்த வாசலில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஐ.டி.ஐ.யில் முறையான பயிற்றுநராக வேண்டும் என்றால் சிஐடிஎஸ் எனப்படும் கைவினைப் பயிற்றுநர் பயிற்சி தேவைப்படும். மத்திய, மாநில அரசுகளின் குறுகிய காலத் திறன் பயிற்சித் திட்டங்களில் வகுப்பெடுக்க, அந்தத் துறைக்கான திறன் கவுன்சில் தரும் பயிற்றுநர் சான்றிதழ் (எல்லோரும் 'டிஓடி' என்பார்கள்) கேட்பார்கள். கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்கே நடத்தும் பயிற்சிக்குச் சான்றிதழை விட அனுபவமும் ஒரு மாதிரி வகுப்பும்தான் பேசும். தனியார் மாலை மையங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இன்னொரு வாசலைப் பலர் நினைப்பதே இல்லை. 15 வயதைக் கடந்த, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலர்கள்தான் பாடம் நடத்துகிறார்கள். ஊதியம் கிடையாது. ஆனால் பென்சில் பிடிக்கக் கூச்சப்படும் 50 வயது அம்மாவுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவருக்கு, அதற்குப் பிறகு எந்த வகுப்பும் பயமாக இருக்காது. உங்கள் பகுதியில் மையம் இருந்தால் வாரம் இரண்டு நாள் போய்ப் பாருங்கள்.

2. காகிதங்கள்: இப்போதே தொடங்குங்கள், இதுதான் அதிக நாள் இழுக்கும்

தேவைப்படுபவை: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், தொழில் படிப்புச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், அனுபவச் சான்றிதழ்.

முதல் சிக்கல் இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, பான் கார்டில் அப்பா பெயரே முதல் பெயராக மாறிப்போயிருக்கும். நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். நேரில் கொடுத்தால் சமாளிக்கலாம், இணையப் பதிவில் கணினி ஒத்துக்கொள்ளாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள், பிறகு பான். எனக்குச் செலவு பெரிதாக இல்லை. ஆனால் இரண்டும் முடிய ஐந்து வாரம் ஆனது. பான் கார்டே இல்லாதவர்கள் ஆதாரை வைத்து வருமான வரித்துறை தளத்தில் இ-பான் இலவசமாக எடுத்துவிடலாம்.

இரண்டாவது அனுபவச் சான்றிதழ். வேலையை விடும்போதே வாங்கிவிடுங்கள். லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, எந்த இயந்திரத்தில் அல்லது எந்தப் பிரிவில் வேலை, கையெழுத்து, முத்திரை. 'நல்லவர், ஒழுக்கமானவர்' என்று மட்டும் எழுதித் தருவார்கள், அது எதற்கும் உதவாது. கம்பெனி மூடிவிட்டது, முதலாளி இப்போது ஊரில் இல்லை என்றால், பி.எஃப். தளத்தில் யு.ஏ.என். எனப்படும் உங்கள் பி.எஃப். அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனால் எந்தக் கம்பெனியில் எப்போதிலிருந்து எப்போது வரை என்ற பணி விவரம் கிடைக்கும். அதை அச்செடுத்துக் கூடவே வையுங்கள்.

எந்த மையத்திலும் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டலாம், சரிபார்க்கட்டும், கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அசலைப் பிடித்து வைத்துக்கொண்டு பாதியில் விலக விடாத இடங்கள் இருக்கின்றன. தமிழக மதிப்பெண் சான்றிதழ்கள் டிஜிலாக்கரில் கிடைப்பதால் 'அசல் வேண்டும்' என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் அதைக் காட்டலாம்.

3. சான்றிதழ் படிப்பு: எவ்வளவு காலம், எதற்கு உதவும்

சிஐடிஎஸ் ஓராண்டு முழுநேரப் படிப்பு. சென்னையில் கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் நடக்கிறது. அகில இந்திய அளவில் பொது நுழைவுத் தேர்வு உண்டு, அறிவிப்பு வழக்கமாக ஆண்டின் நடுவில் வரும். தொழிற்பயிற்சியோடு, வகுப்பெடுக்கும் முறையையும் தனிப் பாடமாகச் சொல்லித்தருவார்கள். ஒரு வருடம் சம்பளத்தை விட முடிந்தவர்கள் தயங்க வேண்டாம்.

டிஓடி சில நாட்களில் முடிந்துவிடும். அதில் இரண்டு பகுதி: உங்கள் தொழில் அறிவு, வகுப்பறைத் திறன். இரண்டிலும் மதிப்பீடு நடக்கும். கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், ஆகவே விடுதி, மதிப்பீட்டுக் கட்டணம், தோற்றால் மறுதேர்வுக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சான்றிதழில் காலாவதித் தேதி இருக்கும். வேலை உறுதியாகும் முன்பே எடுத்துவிட்டு, பாதிக் காலத்தைச் சும்மா கழித்தவர்களை எனக்குத் தெரியும். 'வகுப்புக்கு வரவே வேண்டாம், பணத்தை அனுப்புங்கள், சான்றிதழ் வந்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் பேசும் தரகர்களிடம் சிக்காதீர்கள்.

தரமணியில் உள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. அது பெரும்பாலும் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கானது. நீங்கள் ஒரு கல்லூரியில் இருந்தால் உங்கள் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

காசில்லாமல் கிடைப்பது ஒன்று உண்டு. ஐ.டி.ஐ. பாடப் புத்தகங்களைத் தயாரிக்கும் தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம், அதாவது நிமி, கிண்டியில்தான் இருக்கிறது. அவர்களுடைய தொழில் கருத்தியல், செய்முறைப் புத்தகங்கள் பல தமிழிலேயே உண்டு. பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒரு பயிற்சியை எப்படிப் படிப்படியாக உடைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். என் தொழிலில் எனக்கே தெரியாத ஒழுங்கை அதில்தான் கற்றேன்.

4. ஆட்களைத் தெரிந்துகொள்ளாமல் பாடம் தயாரிக்காதீர்கள்

முதல் வகுப்புக்கு அரை மணி முன்னால் போய் வாசலில் நில்லுங்கள். வருபவர்களிடம் பேசுங்கள். எங்கே வேலை, எந்த ஷிப்ட், வீட்டுக்கு எந்த பஸ், கடைசியாக எப்போது படித்தார்கள். இந்த நான்கும் போதும்.

உங்களை விட மூத்தவரை 'அண்ணே', 'அக்கா' என்றோ, பெயரோடு 'சார்' என்றோ கூப்பிடுங்கள். வயதில் இளையவர்களிடமும் 'வாங்க, சொல்லுங்க'தான். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி இன்னும் நினைவில் இருப்பவர்கள் இவர்கள். எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கச் சொல்வது, பலகைக்குக் கூப்பிடுவது, இரண்டையும் முதல் வாரம் செய்யவே செய்யாதீர்கள்.

உடம்பையும் கவனியுங்கள். 44 வயது அண்ணன் ஒருவர் வெர்னியரில் தினமும் தவறாகவே படித்தார். நான் பொறுமை இழந்து கடுமையாகப் பேசிய ஒரு நாளில்தான் தெரிந்தது, அவருக்கு வெள்ளெழுத்து. கோடுகளே தெரியவில்லை, ஊகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி வேண்டும் என்று சொல்ல வெட்கம். மறுநாள் ஆறு பூதக்கண்ணாடி லென்ஸ் வாங்கி மேஜையில் எல்லாருக்கும் பொதுவாக வைத்தேன். அன்றே சரியாகப் படித்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் அந்த நாள் எனக்கு உறுத்துகிறது. அதே போல, பிரஸ் ஷாப் சத்தத்தில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மந்தமாக இருக்கலாம். பலகையைப் பார்த்துப் பேசாதீர்கள். எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள்.

நேரமும் காலமும் முக்கியம். மாதக் கடைசி வாரம் கம்பெனிகளில் டிஸ்பாட்ச் நெருக்கடி, ஓவர்டைம்; அந்த வாரம் புதிய பாடம் தொடங்காதீர்கள். அக்டோபர் கடைசியில் பேட்ச் ஆரம்பித்தால் தீபாவளியும் மழையும் சேர்ந்து பாதியைக் கரைத்துவிடும். பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசி, அல்லது பள்ளி திறந்த பிறகு ஜூன் நடுவில், இந்த இரண்டும் நல்ல தொடக்கம். பெண்கள் கட்டணமில்லாமல் போகும் சாதாரண பேருந்துகள் இரவு ஏற ஏறக் குறையும். எட்டரைக்கு முடிக்கும் வகுப்பை எட்டு மணிக்கு முடித்தபோது என் வகுப்பில் பெண்கள் விடாமல் தொடர்ந்து வந்தார்கள்.

5. 90 நிமிடத்தை நான்காகப் பிரியுங்கள்

பயிற்றுநர் பயிற்சியில் நான்கு படி என்று சொல்வார்கள்: தயார்படுத்துதல், எடுத்துரைத்தல், செய்யவைத்தல், சோதித்தல். நான் வைத்துக்கொண்ட கணக்கு 10, 20, 45, 15 நிமிடம். நீங்கள் பேசுவது மொத்தத்தில் அரை மணிக்கு மேல் போகக் கூடாது. ஷிப்ட் முடித்து வந்தவர் உட்கார்ந்து கேட்டால் தூங்கிவிடுவார், அது அவர் தவறில்லை.

பாடக் குறிப்பின் முதல் வரியில் இன்றைய இலக்கை எழுதுங்கள். 'வெர்னியர் பற்றி அறிவார்' என்று எழுதினால் உங்களுக்கே எங்கே நிறுத்துவது என்று தெரியாது. 'வகுப்பு முடியும்போது, 0.02 மி.மீ. வெர்னியரில், ஒரு நிமிடத்துக்குள், யார் உதவியும் இல்லாமல் ஒரு ஜாப்பை அளந்து எழுதுவார்' என்று எழுதுங்கள். என்ன செய்வார், எதை வைத்து, எவ்வளவு சரியாக. இந்த மூன்றும் இருந்தால் தேவையில்லாத பேச்சு தானாகவே உதிர்ந்துவிடும்.

செய்துகாட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதல் முறை பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்துகாட்டுங்கள். இரண்டாம் முறை மெதுவாக, ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே. மூன்றாம் முறை அவர்கள் சொல்ல வேண்டும், நீங்கள் செய்ய வேண்டும். அவர்கள் ஒரு படியை விட்டால் நீங்களும் விட்டுவிட்டு நில்லுங்கள். நான்காம் முறை கருவி அவர்கள் கைக்குப் போக வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் தாவிவிடுகிறார்கள். அங்கேதான் கற்றல் நடக்கிறது என்பது என் அனுபவம்.

22 பேருக்கு இரண்டு வெர்னியர் இருந்தால் செய்யவைக்க முடியாது. இரண்டு பேருக்கு ஒன்றாவது வேண்டும். புதிதாக வாங்கச் செலவு செய்யாதீர்கள். கம்பெனிகளின் தரப் பிரிவில் அளவு சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனையில் தேறாமல் சிவப்பு அட்டை கட்டி ஓரங்கட்டிய கருவிகள் இருக்கும். எழுத்தில் கேட்டால் சிலர் தருவார்கள். படிக்கப் பழக அது போதும். ஜீரோ பிழை என்றால் என்ன என்று காட்டவும் அதுவே வசதி.

6. 'புரிஞ்சுதா?' என்ற சொல்லைக் கைவிடுங்கள்

பெரியவர்கள் அந்தக் கேள்விக்கு 'இல்லை' சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதே லைனில் வேலை செய்பவர், அவர் முன்னால் எப்படிச் சொல்வார்?

அதற்குப் பதில் துண்டுச் சீட்டு கொடுங்கள். எல்லாரும் அதே ஜாப்பை அளந்து, பெயர் இல்லாமல் அளவை மட்டும் எழுதி மடித்துக் கொடுக்கட்டும். ஒரு நாள் என் ஜாப்பின் அளவு 25.46. சீட்டுகளில் 25.46 தவிர இரண்டு விடைகள் திரும்பத் திரும்ப வந்தன: 25.43, 26.46. 25.43 எழுதியவர் வெர்னியர் அளவுகோலில் '4' என்ற எண்ணுக்கு (அது 0.40) அடுத்த மூன்றாவது கோட்டைச் சரியாகவே பிடித்திருக்கிறார். ஒரு கோடு 0.02 என்பதை மறந்து 0.01 என்று கூட்டிவிட்டார். 26.46 எழுதியவருக்கு வெர்னியர் நன்றாகவே வருகிறது, முதன்மை அளவுகோலில் வெர்னியரின் ஜீரோ இன்னும் தாண்டாத 26-ஆம் கோட்டைத் தாண்டியதாக எடுத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் தேவை இரண்டு வேறு விளக்கம். முழுப் பாடத்தையும் திரும்ப நடத்தியிருந்தால் இருவருக்கும் உதவியிருக்காது. தவறான விடைகளைச் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பேட்ச்சுக்கு அதுதான் உங்கள் பாடப் புத்தகம்.

வாய்வழிக் கேள்வி கேட்பதாக இருந்தால், முதலில் கேள்வி, பிறகு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், அதன் பிறகு பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்ற எல்லாரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த ஐந்து எண்ணுவது முதலில் மிகக் கடினம். அமைதி நம்மைத்தான் பயமுறுத்தும், அவர்களை அல்ல.

7. பத்து நிமிடம் பதிவு செய்து பாருங்கள்

இதற்கு மேல் பயனுள்ள பயிற்சி எதுவும் நான் காணவில்லை. கற்பவர்களிடம் அனுமதி கேட்டு, போனை வகுப்பின் பின்பக்கம் வையுங்கள், உங்கள் பக்கம் திருப்பி. மூன்று முறை பாருங்கள். ஒருமுறை சத்தம் இல்லாமல்: எங்கே நிற்கிறீர்கள், யாரைப் பார்க்கவே இல்லை. ஒருமுறை படம் இல்லாமல்: வேகம், வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படுகிறதா. மூன்றாம் முறை பேனாவோடு: எத்தனை நிமிடம் நீங்கள் பேசினீர்கள், எத்தனை பேர் வாய் திறந்தார்கள். என் முதல் பதிவில் பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் நான் பேசினேன். இடது ஓரத்து வரிசையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அதோடு, உங்களைப் போல் புதிதாக வந்தவர்கள் நான்கைந்து பேரைச் சேருங்கள். நாங்கள் ஞாயிறு காலை ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். ஆளுக்கு ஏழு நிமிடம் பாடம், ஒரு தடவைக்கு ஒரே ஒரு திறன்: இன்று கேள்வி கேட்பது மட்டும், அடுத்த வாரம் செய்துகாட்டுவது மட்டும். ஐந்து நிமிடம் கருத்து, உடனே அதே பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். எட்டு ஞாயிறு போதும். மேடைப் பேச்சு மன்றங்கள் குரலுக்கும் கூச்சத்துக்கும் உதவும். ஆனால் அங்கே கேட்பவர் கைதட்டினால் வெற்றி. இங்கே அவர் கையால் செய்தால்தான் வெற்றி, ஆகவே அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு ஆன செலவு, பயணம் நீங்கலாக: நகல், புகைப்படம் 260 ரூபாய், ரிச்சி தெருவில் வாங்கிய கிளிப் மைக் 850, போன் தாங்கி 400, லென்ஸ் ஆறு 480, மார்க்கர், சார்ட், சீட்டுகள் 520. மொத்தம் 2,510 ரூபாய். புரொஜெக்டர், லேப்டாப் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

8. பணம் பேசும்போது கேட்க வேண்டியவை

மணிக்கு எவ்வளவு, தயாரிப்பு நேரத்துக்கு உண்டா, பயணப்படி உண்டா, எத்தனை நாளில் வரும், ஆள் குறைந்து பேட்ச் நின்றால் என்ன ஆகும். ஐந்துக்கும் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். பயிற்றுநர் கட்டணத்தில் 10 சதவீதம் வரி பிடிப்பது வழக்கம். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்த தொகை வருமான வரித்துறை தளத்தில் உங்கள் வரிப்பிடித்த விவரத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

அரசுத் திட்டங்களில் மையத்துக்கே பணம் தவணையாகத்தான் வரும். அதைக் காரணம் காட்டி ஒரு மையம் எனக்கு நான்கு மாதம் பாக்கி வைத்தது. கேட்கப் போனபோது, நான் எடுத்த வகுப்புகளுக்குப் பதிவேடு சரியாக இல்லை என்றார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் தேதி, தலைப்பு, நேரம், வந்தவர் எண்ணிக்கை எழுதிய பக்கத்தில் பொறுப்பாளர் கையெழுத்து வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். இரண்டு நிமிட வேலை. அதற்குப் பிறகு பாக்கி விழவில்லை.

9. வராதவரை அன்றே கூப்பிடுங்கள்

ஒருவர் தொடர்ந்து இரண்டு வகுப்பு வரவில்லை என்றால் மூன்றாம் நாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றிரவு ஒன்பது மணிக்குள் போன் செய்யுங்கள். 'ஏன் வரல?' என்று தொடங்க வேண்டாம். 'அண்ணே, ஷிப்ட் மாறிடுச்சா?' என்று கேளுங்கள். அவர் சொல்லக் கூச்சப்படும் காரணத்துக்கு அது ஒரு மரியாதையான வழி விடும். திரும்பி வருபவருக்காக மறுநாள் பதினைந்து நிமிடம் முன்னால் போய், விட்டுப்போன பாடத்தை அவர் கையில் கருவியைக் கொடுத்து நடத்துங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு மையம் காசு தராது. சென்ற பேட்ச்சில் இப்படித் திரும்பி வந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் கடைசித் தேர்வு எழுதினார்கள்.